அரைத் தோணியும் முழு நியாயமும்

அவர் குற்றாலத்தில் குளித்து நான் பார்த்ததில்லை. குளிக்கப் போய்ப் பார்த்திருக்கிறேன், ஐந்தாறு சாரல் காலங்களில். தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு பேரருவிக் கூட்டத்தில் நிற்பார். நின்ற இரண்டாவது நிமிஷத்தில் பக்கத்தில் இரண்டு பேர் யார் முன்னால் வந்தது என்று முட்டிக்கொள்வார்கள். உடனே இவர் மத்தியஸ்தம். "இவரு முந்தி வந்தாரு, வாஸ்தவம். ஆனா அவரு கைப்பிள்ளையோட நிக்காரு, அதயும் பாக்கணும்லா" என்று ஆரம்பித்தால், அந்த வழக்கு தீர்வதற்குள் அடுத்த வழக்கு வந்துவிடும். வழக்காளிகள் எல்லோரும் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு போவார்கள். நீதிபதி எண்ணெயோடு நிற்பார்.

ஒரு தடவை கடைசியில் அவருக்கே வழி கிடைத்து, பாறைமேல் ஒரு காலும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மலைமேல் மழை பிடித்து, அருவி செம்மண் நிறத்தில் இறங்க, போலீஸ்காரர் எல்லோரையும் விரட்டினார். எண்ணெய்த் தலையோடு என்னுடன் ஜட்காவில் திரும்பும்போது, "அந்தப் போலீஸ்காரர் நெலமையில நாம இருந்தாலும் அதத்தான் வே செஞ்சிருப்போம்" என்றார். போலீஸ்காரரைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

தாலுகா போர்டுகள் என்று ஒன்று இருந்த காலம் அது. தென்காசி போர்டு ஆபீசில் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் குமாஸ்தா நான். வயது இருபத்தாறு. வாசகசாலையில் ஒரு அலமாரியைப் படித்து முடித்திருந்ததால் உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கி இல்லை என்ற கட்டத்தில் இருந்தேன். அவர் போர்டு மெம்பர். சிற்றாற்றுக்கு அக்கரையில் நன்செய் வைத்துப் பயிர் செய்த சம்சாரி. என்னைவிட முப்பது வயது மூத்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி.

அவரோடு ஒரே கட்சியில் இருப்பதுபோல் ஆபத்து வேறு கிடையாது. எதிர்க்கட்சிக்காரர் மறந்துபோன நியாயத்தை எடுத்துக் கொடுப்பார். பக்கத்து வயல்காரரின் மாடு இவர் நாற்றங்காலை மேய்ந்துவிட்டது. காவல்காரன் மாட்டைப் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைத்தான். இவர் ஓடிப்போய்ப் பவுண்டு சேவகனிடம், மாட்டுக்கு வரப்பு தெரியாது என்றும், நாற்றுப் பச்சையாக இருந்ததும் ஒரு காரணம் என்றும் வாதாடி, அதை ஓட்டிவந்து உடையவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். அவர் வீட்டு அம்மாள் என் காதுபடச் சொன்னது இது: "இவரு வீட்டுல திருடன் நொழைஞ்சா, இருட்டுல தடுக்கி விழுந்திருவானேன்னு வெளக்கேத்திக் குடுப்பாரு." அதற்கும் அவர், "தடுக்கி விழுந்தா வலிக்கத்தான செய்யும்" என்றார்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் தோணிப் பிரச்சினை வந்து விடிந்தது.

அவர் ஊருக்கும் தென்காசிக்கும் நடுவே ஆறு. ஆற்றில் போர்டுக்குச் சொந்தமான ஒரு மரத்தோணி. மழைக்காலத்தில் அதுதான் வழி. பாலம் மேற்கே நாலு மைல் தள்ளி இருந்தது. ஆனால் அங்கே போகிற பாதையில் இரண்டு ஓடைகள் உண்டு. மழை பெய்தால் பாலத்துக்குப் போய்ச் சேரவே இரண்டு தோணி வேண்டும். இருந்த தோணியோ தேங்காய் நாரும் குங்கிலியமும் வைத்து அடைத்து அடைத்து, மரத்தைவிட அடைப்பு அதிகம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. துறையில் வேலை பார்த்த தோணிக்காரர், "ஒரு ஆளு துடுப்பு போடணும், ஒரு ஆளு தண்ணி எறைக்கணும். ஏறுதவங்க எல்லாரும் வேலைக்காரங்கதான்" என்பார்.

அண்ணாச்சி நாலு வருஷம் மனுப் போட்டு, ஒரு இரும்புத் தோணிக்கு போர்டைச் சம்மதிக்க வைத்தார். மாட்டுவண்டியே ஏறக்கூடிய தோணி. இரண்டு கரைக்கும் இடையே கம்பிவடம் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்திலும் போகலாம். தூத்துக்குடியில் ஒரு பட்டறைக்கு ஆர்டர் போயிற்று. அதன் பிறகுதான் ஓவர்சீயர் ஆற்றங்கரைக்குப் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். கம்பிவடத்தைத் தாங்கும் தூணுக்குப் பாறை வேண்டும். எங்கள் கரையில் பத்தடிக்குச் சேறு. அக்கரையில் படிக்கட்டு வேண்டும். தோணிக்கு ஆகும் செலவைப்போல இரண்டு பங்கு, தோணி வந்து நிற்கிற கரைக்கு ஆகும் என்று தெரிந்தது. கரையை முன்னாடியே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் தோணியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் தூத்துக்குடியிலிருந்து முன்பாதி ரயிலில் வந்து இறங்கி, போர்டு ஆபீஸ் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டது. பின்பாதி பட்டறையில். சிவப்பு வர்ணம் பூசிய அரைத் தோணி. மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும். தோணிக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மெம்பர்களுக்குப் பயம் பிடித்தது. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்தும் கடிதம் வந்தது. திட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று டவுன் மெம்பரான ஒரு வக்கீல் தீர்மானம் கொடுத்தார். ரத்து செய்தாலும் பட்டறைக்காரனுக்கு முக்கால்வாசி கொடுத்தாக வேண்டும். அதாவது தோணி வாங்கினால் பெரிய செலவு. வாங்காவிட்டால் கொஞ்சம் சின்ன செலவு, தோணியும் கிடையாது. இதை ஒரு வருஷம் விவாதித்தார்கள். எழுதியவன் நான். என் வலது தோள் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும்.

அந்த ஆவணியில் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. அண்ணாச்சியின் மருமகள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். அவள் அவருடைய தங்கை மகளே. தாய் வீடும் அதே தெரு. மகன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். தென்காசி ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி கண்டதும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாள் குறித்தது ஐப்பசி. ஐப்பசியில் சிற்றாறு எப்படி வரும் என்பது எங்கள் பக்கத்துக் கோழிக்கும் தெரியும். கம்பிவடம் போட்டு முன்பாதியையும் பின்பாதியையும் சேர்க்க இரண்டு மாசம் போதும் என்று ஓவர்சீயர் சொன்னார். எல்லாம் ரத்துத் தீர்மானத்தின்மேல் நடக்கப்போகும் ஓட்டில் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"எனக்குக் கோவையாப் பேச வராது வே. நீரு எழுதித் தாரும். நம்ம பக்கத்துக்கு ஒரு தாளு, அவங்க பக்கத்துக்கு ஒரு தாளு."

"அவங்க பக்கத்துக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"அதயும் சொல்லிட்டுப் பதில் சொன்னாத்தான நியாயம். கொறச்சு எழுதிராதேயும். அவங்களும் ஊரு நல்லதுக்குத்தான சொல்லுதாங்க."

எழுதினேன். இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்களின் கஷ்டம், ஆஸ்பத்திரி, வெள்ளம் என்று நம் பக்கத்துத் தாள் கண்ணீரும் கம்பலையுமாக அமைந்தது. எனக்கே இரண்டாம் பத்தியில் தூக்கம் வந்தது. எதிர்ப்பக்கத்துத் தாளுக்கு வந்தபோது பேனா தானாக ஓடிற்று. 'வைகாசியில் ஆடு மேய்கிற ஆற்றுக்கு இரும்புத் தோணி எதற்கு, ஆட்டை ஏற்றவா?' என்று ஒரு வரி விழுந்தது. அந்த வரியின் அழகில் மயங்கி அன்று ராத்திரி நான் இரண்டு இட்டிலி அதிகம் சாப்பிட்டேன்.

கூட்டத்தில் அண்ணாச்சி இரண்டு தாளையும் ஒரே குரலில், ஒரே பக்தியோடு வாசித்தார். முதல் தாளுக்கு ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாம் தாளில் ஆடு வந்ததும் சபை குலுங்கிச் சிரித்தது. ஒன்றும் தயார் பண்ணாமல் வந்திருந்த வக்கீல் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். பதில் சொல்லும் கட்டம் வந்தபோது, அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுக்குப் பதில் யோசிக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். பதிலை நான் எழுத மறந்திருந்தேன். மறுநாளிலிருந்து கடைத்தெரு காப்பி கிளப்பில் எங்கே பார்த்தாலும் அந்த ஆடுதான். அதை எடுத்துப் பேசிய வக்கீலின் சாமர்த்தியத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஓட்டு. தலைவர் கை தூக்கச் சொன்னார். ரத்துக்கு ஐந்து. எதிராக ஐந்து. அண்ணாச்சியின் இரண்டு கையும் மேஜைமேல்.

"அண்ணாச்சி, நீங்க?" என்றார் தலைவர்.

அவர் எழுந்தார். "தலைவரய்யா, எங்க வீட்டுல மருமக மாசமா இருக்கா. அந்தத் தோணி வந்தா மொதல்ல எனக்குத்தான் ஒதவும். சொந்தக் காரியம் உள்ளவன் ஓட்டுப் போடப்படாது."

"போர்டுச் சட்டத்துல காண்ட்ராக்டு எடுத்தவன்தான் போடக்கூடாது. மருமகளைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"சட்டத்துல இல்லதான். இருந்திருக்கணும்லா."

தலைவர் நல்ல மனிதர். எந்தப் பக்கமும் சாய மாட்டார்; சாய்ந்தே தீரவேண்டும் என்றால் மேலிடத்துக் கடிதத்தின் பக்கம் சாய்வார். ஓட்டு சமமாக நின்றால் தலைவர்தான் தீர்க்க வேண்டும்; அதைத் தவிர்க்கப் படாத பாடு பட்டார். காப்பி வரவழைத்து, பதினைந்து நிமிஷம் கூட்டத்தை நிறுத்தினார். அந்தப் பதினைந்து நிமிஷத்தை அண்ணாச்சி எப்படிச் செலவழித்தார் என்றால், வக்கீலிடம் போய், "கோடையில கம்பிவடம் துருப்பிடிக்குமே, அந்தப் பாயிண்ட நீங்க விட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். வக்கீல் முகம் சிவந்துவிட்டது. கூட்டம் மறுபடி கூடியதும் அவரே எழுந்து, "அண்ணாச்சி ஓட்டுப் போட்டா நான் ஆட்சேபிக்க மாட்டேன்" என்றார். தீர்மானம் கொடுத்தவரே சொன்ன சொல் அது.

"அது உங்க பெருந்தன்மை வக்கீலய்யா" என்றார் அண்ணாச்சி. கை எழும்பவில்லை.

அக்கரைப் பக்கத்து மெம்பர் ஒருவர் மேஜையை ஓங்கிக் குத்தினார். "ஒரு கை வே. ஒரு கையத் தூக்க ஒமக்கு என்ன வலிக்கா?"

தலைவர் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தன் ஓட்டை ரத்துக்குப் போட்டார். நான் எழுதிக்கொண்டேன். நிப்பு தாளைக் கிழித்துவிட்டது.

அன்று மாலை அவரைத் துறைவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் திட்டினேன். வாசகசாலையில் கற்ற நல்ல சொற்களையெல்லாம் பயன்படுத்தினேன். கடைசியில் அவர் சொன்னார்: "நீரு கோவப்படுததுலயும் நியாயம் இருக்கு." இதற்குமேல் ஒரு மனிதனை என்ன செய்வது?

புரட்டாசி முடிவில், மருமகளை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கத் தென்காசியில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தேன். முன்பணமும் கொடுத்தாயிற்று. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். நோயாளி மனைவியோடு கடையநல்லூரிலிருந்து வந்த ஒருவர் வீடு கிடைக்காமல் அலைந்தாராம். "அவரு அவசரம் நம்ம அவசரத்தவிடப் பெருசு. நமக்கு இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கே" என்றார். மழை அந்தப் பதினைந்து நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வலியும் கூடவே வந்தது.

ஆறு ஏறுவதைப் பார்த்து, விடிந்த உடனே கூண்டு வண்டியோடு வரச் சொல்லி, முந்தின நாள் கடைசித் தோணியில் எனக்குச் சேதி அனுப்பியிருந்தார். நான் இக்கரையில் வண்டியோடு நின்றேன். ஆறு காப்பி நிறத்தில் கரையைத் தின்றுகொண்டிருந்தது. அக்கரையில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. தோணி கிளம்பவில்லை. கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. வெள்ள இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையை ஆட்டிப் பேசுவதைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது. குற்றாலத்தில் ஐந்தாறு வருஷம் பார்த்த அதே கை. அங்கே என்ன நடந்தது என்பதைத் தோணிக்காரர் பிறகு சொன்னார்.

வெள்ள நாளில் அந்தத் தோணியில் நாலு பேருக்குமேல் ஏறக்கூடாது. ஏறுவது வந்த வரிசைப்படி. யாரோ ஒரு பண்ணையார் முன்பு ஒருநாள் கூடைக்காரிகளைத் தள்ளிவிட்டு ஏறினார் என்பதற்காக, போர்டில் இந்த விதியைக் கொண்டுவந்ததே அண்ணாச்சிதான். 'வந்த வரிசைப்படி' என்று நான் எழுதியதற்கு, 'மட்டும்' என்று ஒரு திருத்தம் கொடுத்ததும் அவரே. துறை வேப்பமரத்தில் பலகையே தொங்கிற்று. அன்று அண்ணாச்சி வீட்டார் வருவதற்கு முன் நாலு பேர் தோணியில் ஏறியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் விற்கும் ஒரு அம்மாள், இரண்டு கூடைகளோடு. ஒரு நெசவாளியும், கண் காட்ட அவர் கூட்டிவந்த தகப்பனாரும். சந்தைக்குப் போகும் ஒரு ஆள். மருமகள் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் நாலு பேரும் தோணியைவிட்டு இறங்கிவிட்டார்கள்.

இவர் அவர்களை மறுபடி ஏறச் சொன்னார்.

"நீங்க விடியமுன்னே வந்து நிக்கீங்க. பெரியவருக்குக் கண்ணு. இந்தம்மாவுக்குப் பழம் அழுகிப்போகும். எங்க வீட்டுக் காரியம்னு சொல்லி ஒங்கள எறக்கினா, அந்தப் பண்ணையாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"பழம் வாடினா ஊறுகா போடலாம்" என்றாள் எலுமிச்சைக்காரி. "பச்ச உசிரப் போட முடியுமா? நவுரும் அண்ணாச்சி."

"நீ பெரிய மனசோட சொல்லுத தாயி. பெரிய மனசுள்ளவங்களத்தான் எல்லாரும் ஏமாத்துதாங்க. ஒனக்காகவும் ஒருத்தன் பேசணும்லா."

நெசவாளி, "எங்களுக்காக நீங்க பேசாண்டாம். நாங்கதான் வேண்டாம்னு சொல்லுதோமே" என்று கெஞ்சினார். அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும். அதற்குள் மருமகள் மாமியாரின் தோளை விட்டாள். அதுவரைக்கும் அவர் எதிரே நிமிர்ந்து பேசாத பெண். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் சொன்னாளாம்:

"மாமா, என் பக்கத்த நானே பேசிக்கிடுதேன். நீங்க அங்கனயே நில்லுங்க."

சொல்லிவிட்டுத் தானே தண்ணீரில் இறங்கித் தோணி விளிம்பைப் பிடித்தாள். எலுமிச்சைக்காரி கூடைகளைக் கரையில் போட்டுவிட்டு அவளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துத் தானும் ஏறினாள். மாமியார் ஏறினாள். நெசவாளி தன் தகப்பனாரை ஏற்றிவிட்டு நின்றுகொண்டார். தோணி கிளம்பிற்று. எலுமிச்சைக்காரி ஒரு கையால் மருமகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் இறைத்தாள். கண் தெரியாத பெரியவர் ஓட்டையில் தன் தலைப்பாகையைத் திணித்து அதன்மேல் உட்கார்ந்தார். இரண்டு பர்லாங்கு கிழக்கே அடித்துக்கொண்டு போய்த்தான் கரை ஏறினார்கள். நான் வண்டியைச் சேற்றில் ஓட்டிக்கொண்டு போனேன். அக்கரையில் அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். நில் என்று சொன்ன இடத்தில் நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு கத்தி வைத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆண். இன்னும் அரைமணி கழித்து வந்திருந்தால் யாரைக் காப்பாற்றுவது என்று கேட்டிருப்பேன் என்றாள் டாக்டரம்மாள்.

அந்தத் தோணி மறுபடி ஒன்பது நாள் ஆற்றில் இறங்க முடியவில்லை. ஒன்பது நாளும் நெசவாளி தன் தகப்பனார் எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் அக்கரையில் தவித்தார். எலுமிச்சைக்காரியின் இரண்டு கூடைகளையும் அண்ணாச்சி தன் வீட்டில் வைத்துக் காத்தார். உடையவள் சொல்லாமல் ஊறுகாய் போடக்கூடாது என்பதால் எல்லாம் அழுகின.

பத்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் போர்டு ஆபீசுக்குள் வந்தார். நேரே என் மேஜைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். துறை விதியை மீறி, வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் தம் குடும்பத்தார் தோணி ஏறியதாகவும், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் தம் கைப்பட எழுதிய புகார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. "ஒரு தாள்தான் இருக்கு. எதிர்ப்பக்கத்துத் தாளு எங்க அண்ணாச்சி?"

"அத அவளே பேசிட்டாள்லா" என்றார். கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தக் குரலில்.

"பேரனப் பாத்தீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரியில பார்வை நேரம் நாலு மணிக்குத்தானாம். வாசல்ல போட்டிருக்கு."

"தாத்தான்னு சொன்னா விடுவாங்க."

"எல்லாருக்கும் தாத்தா உண்டும்லா வே."

முற்றத்துக்குப் போய் அரைத் தோணியின் விளிம்பில், மழைத்தண்ணீர் தளும்புகிற பக்கத்தில், துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்குக் காத்திருந்தார். அந்தத் தோணியில் அவர் ஏறி உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். சில வருஷம் கழித்து போர்டையே ரத்து செய்துவிட்டார்கள். அவரும் போய்விட்டார். பின்பாதி வரவே இல்லை. முன்பாதி, நான் கடைசியாகப் பார்த்தபோது, அங்கேயேதான் கிடந்தது.

புகாரை எந்தக் கட்டில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பழிவாங்கும் எண்ணத்தோடு, குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இரண்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவல்காரனிடம் நான்தான் மாமன் என்று ஒரு பொய் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டான். அவருக்கு முன்னால் அவர் பேரனை நான் பார்த்தேன்.

சிவப்பாக, சுருங்கிக்கொண்டு, எதையோ ஆட்சேபிக்கிற முகத்தோடு கிடந்தது. துணியால் எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் அவிழ்த்துக்கொள்கிறது என்றாள் அதன் தாய். வலது கையை வெளியே எடுத்து, தலைக்குமேல் நன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கிற்று.